வாஞ்சூரில் இறக்கிவிடப்பட்டவன்

முதலில் எச்சில்தான் வழிந்தது. வலது கடைவாயிலிருந்து இறங்கிச் சட்டையில் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதுதான் தெரிந்தது. நாகூரில் ஏறி, போலகத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று எனக்கு ஓய்வு நாள். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். நான் ஏறியிருந்தது வேறு பஸ். அதன் கண்டக்டர் புது ஆள். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது.

"எங்க போவணும்?" என்றார்.

போலகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏதோ வந்தது, போலகம் வரவில்லை. கையில் வைத்திருந்த சில்லறை நழுவி ஓடியது. குனிந்து எடுக்கப்போய் பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்தேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எந்த வாடையும் இல்லாதபோதே மூக்கைப் பொத்தவைக்கும் கோலத்தில் இருந்தேன் போலிருக்கிறது.

"பட்டப்பகல்லயே ஏத்திட்டியா? எறங்கு, எறங்கு. ஒன் எடம் வந்துடுச்சு" என்று கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி வாஞ்சூரில் நின்றது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. சுற்றிலும் தமிழ்நாடு. எங்கள் பக்கம் சாராயமும் பிராந்தியும் மலிவு என்பதால் எல்லையில் இருக்கும் வாஞ்சூரில் வரிசையாக மதுக்கடைகள். அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து குடித்துவிட்டு விழுந்து கிடப்பதும், தெளிந்து எழுந்து போவதும் அன்றாடக் காட்சி. ஆகவே, வாய் குழறித் தள்ளாடும் ஒருவனை வாஞ்சூரில் இறக்கிவிட்டால் அவனை அவன் வீட்டில் சேர்த்த மாதிரிதான். அந்தக் கண்டக்டர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ரூட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஒரு கடையை ஒட்டிய சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தேன், அல்லது யாரோ உட்கார வைத்தார்கள். வலது கால் செருப்பு எங்கேயோ போயிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. உள்ளே எல்லாம் தெளிவாகவே இருந்தது. இது போதை இல்லை, எனக்கு ஏதோ ஆகிவிட்டது, யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவும் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வழி இல்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை.

கடை வாசலில் சுண்டலும் மாங்காயும் விற்கும் ஒருவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார். நல்ல மனிதர். "இந்தாங்க, மோரக் குடிங்க. தெளிஞ்சிடும்" என்று தலையைப் பிடித்து நிமிர்த்தி ஒரு டம்ளர் மோரை வாயில் ஊற்றினார். பாதி சட்டையில் போயிற்று. மீதி புரையேறி நெஞ்சுக்குள் போயிற்று. அன்று முழுவதும் என்னிடம் அன்பாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அந்த மோர்தான் பிறகு என்னைக் கொல்லப் பார்த்தது.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. திண்டில் விழுந்த வெயில் சுவருக்கு ஏறியிருந்தது.

எங்கள் பஸ்ஸின் டிரைவர் ராஜேந்திரன் அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் இருந்தபடியே என்னைப் பார்த்திருக்கிறார். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தார்.

"கலியா! டேய் கலியபெருமாளு! என்னடா ஆச்சு?"

"மப்புல இருக்காருங்க, வுடுங்க. எந்திரிச்சுப் போயிடுவாரு" என்றார் யாரோ.

"இவனாவது குடிக்கிறதாவது! யோவ், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, கண்ணு தெரியல ஒங்களுக்கு?"

பயணிகளோடு பயணியாக என்னைப் பின்சீட்டில் கிடத்தினார்கள். பஸ் காரைக்காலைப் பார்த்து நின்றதால் காரைக்காலுக்குப் போனேன். அதுவே எதிர்த் திசையில் போகும் டிரிப்பாக இருந்திருந்தால் நாகப்பட்டினத்து நோயாளி ஆகியிருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அந்த எல்லையைத் தாண்டியவன் நான். படியில் நின்று டிக்கெட் கிழிப்பதற்குள் அது பின்னால் போய்விடும். என் வைத்தியம் எந்த அரசாங்கத்துடையது என்பதை ஒரு பஸ்ஸின் முகம் முடிவு செய்தது.

என்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. குறை ஒரு கட்டடத்துடையது அல்ல. அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்லவர். வாயை முகர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கைதான் ஏறியது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது, அல்லது வெடிப்பது) என்று உடனே சொல்லிவிட்டார். அடைப்பா, வெடிப்பா என்று தெரிந்துகொள்ளத் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். அங்கே ஸ்கேன் இல்லை.

அதற்குள் என் மனைவி வளர்மதி வந்துவிட்டாள்.

"கடைசியா இவரு நல்லா இருந்தத நீங்க எப்பம்மா பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"காலையில இட்லி சாப்புட்டாருங்க. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு."

"அதுக்கப்புறம் யாராவது பாத்தாங்களா?"

அவள் ராஜேந்திரன் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார், இல்லை என்று.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அடைப்பாக இருந்தால் அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. வாதம் வந்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். தாமதித்துப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசியும். வந்த நேரம் தெரியாவிட்டால், நோயாளியை நல்லபடியாகக் கடைசியில் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு ஓடும். என் கணக்கு காலை இட்லியிலிருந்து ஓடியது. நானோ மதியம் நாகூரில் ஏறி உட்காரும்வரை நன்றாக இருந்தவன். அது எனக்குத் தெரியும், எச்சிலைப் பார்த்து முகம் சுளித்த அந்தப் பெண்மணிக்குத் தெரியும், என்னை இறக்கிவிட்ட கண்டக்டருக்குத் தெரியும். மூன்று பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டர் பரிந்துரைச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

"தஞ்சாவூருக்குங்களா?" என்றாள் வளர்மதி.

"இல்லம்மா, பாண்டிக்கு."

"தஞ்சாவூர் கிட்டங்களே சார்."

"கிட்டதாம்மா. ஆனா நாங்க பாண்டிக்குத்தான் எழுதணும். ஆம்புலன்ஸும் அங்கதான் போவும். நம்ம ஸ்டேட்டு அதுல்ல?"

அவர் குரலில் அலுப்பு இருந்தது. எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ. தஞ்சாவூரைவிடப் புதுச்சேரி தூரம், ரோடும் மோசம். கூடுதலாக ஆகும் அந்த நேரம் மூளைக்கு எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வளர்மதி ஒரு கார் பிடித்துத் தஞ்சாவூர் போகலாமா என்று யோசித்திருக்கிறாள். வழியில் ஏதாவது ஆனால் ஆக்சிஜன் இல்லை. அந்தப் பயத்தில் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டாள். அவள் செய்தது சரி. அவளை அப்படி ஒரு முடிவுக்குத் தள்ளியதுதான் சரியில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு எரிகிறது.

பொறையாறு, தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, சிதம்பரம், கடலூர். எங்கள் தலைநகரத்துக்குப் போகும் வழியெல்லாம் அடுத்த மாநிலம். படுத்திருந்தபடி ஒவ்வொரு திருப்பத்திலும் ஊரைக் கண்டுபிடித்தேன். மனசுக்குள் பெயர்கள் வந்தன. வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்புதான். ஊசிக்கான நேரம் எந்தக் கணக்கில் பார்த்தாலும் தாண்டிவிட்டது. மோர் போன வழியில் நுரையீரல் அழற்சி (உணவோ நீரோ மூச்சுக் குழாய்க்குள் போய்ச் சளி கட்டிக் காய்ச்சல் வருவது) வந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் ஊசி. பிழைத்தால் பார்க்கலாம் என்று வளர்மதியிடம் சொன்னார்களாம். அந்த வாரங்களைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. அவள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அவளும் அதிகம் சொல்வதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை விழுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை யாராவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மோராக இருந்தாலும், விபூதித் தண்ணீராக இருந்தாலும். குடித்திருக்கிறார் என்று தோன்றினாலும் இதையே செய்யுங்கள். குடித்தவருக்கும் வாதம் வரும்.

காய்ச்சல் விட்டதும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். பெயர் விமலா என்று வைத்துக்கொள்வோம். எனக்கு வந்திருப்பது அஃபேசியா (நாக்கும் அறிவும் சரியாக இருக்க, சொல்லைத் தேடி எடுக்கும் மூளைப் பகுதி அடிபடுவது) என்று விளக்கினார். படங்களைக் காட்டினார். பசுவைப் பார்த்தேன், பசு என்று தெரிந்தது, வாய் அசைந்தது, வேறு ஏதோ சத்தம் வந்தது. சொந்தப் பெயர் வரவில்லை. மனைவி பெயர் வரவில்லை. அதில் ஒரு வேடிக்கை, கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்றால் திரும்புவாள். சொல்லிப் பழகாத சொல் எங்கிருந்து வரும்?

"இவரு என்ன வேல பாத்தாரு?" என்று கேட்டார் விமலா.

"கண்டக்டருங்க. காரைக்கால், நாகப்பட்டினம் ரூட்டு."

விமலா என் கட்டிலைத் தட்டினார். "சார், வண்டி காரைக்கால்லேருந்து கெளம்பிடுச்சு. ரைட், ரைட்!"

"காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம், போலகம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம்!" என்றேன். ஒரே மூச்சில், தெளிவாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். வளர்மதி அழுதாள். நான் இரண்டையும் செய்தேன்.

வாய்ப்பாடு, மாதங்களின் பெயர், சாமி பாட்டு போல ஓயாமல் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்தவை மூளையில் வேறு இடத்தில் தங்கியிருக்கும், அவை தப்பித்துக்கொள்வது உண்டு என்று விமலா சொன்னார். ஆனால் நடுவில் ஏற முடியாது. வீடு எங்கே என்று கேட்டால் போலகம் என்று நேரே சொல்ல வராது. காரைக்காலில் கிளம்பி, நிரவியில் நின்று, திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டித்தான் போலகத்தில் இறங்க வேண்டும். என் பேச்சுக்கு அந்த ஒரு ரூட்தான் மிச்சம்.

அதை வைத்தே விமலா சொற்களைச் சேர்த்தார். ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி ஒரு சொல்லை ஏற்றினார். நிரவியில் தண்ணி. பட்டினத்தில் சோறு. நாகூரில் வலி. நாங்கள் ஊருக்குப் புறப்படும்போது, "மொதல் மாசங்கள்ல விட்டதத் திரும்பப் புடிக்கிறது ரொம்பக் கஷ்டம்மா. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி வேணும். உங்க பக்கம் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை.

சில முறை புதுச்சேரிக்குப் போனோம். ஒரு கால் இழுத்துக்கொண்டிருக்கும் ஆளை மூன்று பஸ் மாற்றிக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது என்னவென்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வளர்மதிக்கு முதுகு போயிற்று. நிறுத்திவிட்டோம்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் பயிற்சி மையம் அந்த மாநிலத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறது என்று யாரோ சொன்னார்கள். போனோம். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது பாண்டிச்சேரி கார்டுங்களே."

"நாகூர் மினாரா எங்க வூட்டு மாடியிலேருந்து தெரியுங்க" என்றாள் வளர்மதி.

"இருக்கலாங்க. கம்ப்யூட்டர் எடுக்காதுங்களே."

அந்தப் பெண்ணும் நல்லவள்தான். என்னை உட்காரச் சொல்லிச் சேர் போட்டாள். இந்தக் கதையில் கெட்டவர் என்று விரலை நீட்ட எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தார்கள். விமலா சொன்ன முதல் மாதங்கள் அதற்குள் போய்விட்டன. முதலாளி என் இடத்தில் வேறு ஆளைப் போட்டார். ஊர் பெயர் மட்டுமே சொல்லத் தெரிந்த கண்டக்டரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெள்ளையடித்தார்கள். மத்திய அரசின் கிராமப்புற சுகாதாரத் திட்டம் வந்திருந்தது. புதுக் கட்டில், புது மின்விசிறி, சுவரில் படங்கள். அதோடு நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கூட்டம் போட்டார்கள். மேலதிகாரி ஒருவர் புதுச்சேரியிலிருந்து வருகிறார் என்றார்கள்.

நான் போவேன் என்றேன். அதாவது, கூட்டச் செய்தியைச் சொன்னவரைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டினேன்.

"நான் பேசுறேங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க" என்றாள் வளர்மதி.

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். பட்டது நான், சொல்ல வேண்டியதும் நான் என்ற பிடிவாதம். சொல்ல இருந்ததும் இரண்டே சொல்தான்: தஞ்சாவூருக்கு அனுப்புங்க. எந்த மாநிலம் என்று பார்க்காமல் எது கிட்டமோ அங்கே அனுப்புங்கள் என்பதை அதற்குமேல் சுருக்க எனக்குத் தெரியவில்லை. எனக்குப் போனது போய்விட்டது. எனக்குப் பிறகு வாய் கோணி விழப்போகிறவனுக்காவது அந்த ஊசி கிடைக்க வேண்டும் என்று வெறி மாதிரி இருந்தது. 'அனுப்புங்க' வந்துவிட்டது. 'தஞ்சாவூர்' வரவில்லை. அது என் ரூட்டில் இல்லாத ஊர். நாகப்பட்டினம்வரை வேகமாகப் போனால் அந்த வேகத்தில் தஞ்சாவூருக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் ஓரிரு முறை நெருங்கினேன்.

கூட்டத்தில் ஒருவர் நாய்க்கடி ஊசி கேட்டார். பட்டினச்சேரியிலிருந்து வந்திருந்த அம்மா பெண் டாக்டர் கேட்டார். என் முறை வந்தது. இடது கையால் பெஞ்சைப் பிடித்து எழுந்தேன்.

"காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம், போலகம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம்..." வண்டி நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து கிளம்பினேன். மறுபடி அதே இடம். வேர்த்துக் கொட்டியது. "அனுப்புங்க" என்றேன். "அனுப்புங்க... அனுப்புங்க."

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவில்லை. பிறகு பக்கத்திலிருந்த கிளார்க்கிடம், "இந்த வழியா பஸ் வசதி வேணும்ங்கறாரு. நியாயமான கோரிக்கைதான். எழுதிக்கங்க" என்றார்.

வளர்மதி எழுந்துவிட்டாள். "அவரு பஸ்ஸ கேக்கலீங்க சார். வாதம் வந்த மனுசன கிட்ட இருக்கிற தஞ்சாவூர வுட்டுட்டு, பாண்டி வரைக்கும் கொண்டு போயித்தான் இப்புடி ஆயிடுச்சு. கிட்டத்துல அனுப்புங்கன்னு சொல்ல வர்றாரு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "புரியுதும்மா. ஆனா அது ரெண்டு ஸ்டேட்டும் உக்காந்து பேச வேண்டிய விஷயம். இந்தச் சங்கத்துக்கு அந்த அதிகாரம் கெடையாது. நோயாளியே வந்து எடுத்துச் சொன்னா மேல ஒரு அழுத்தம் இருக்கும். இவரு பேச்சு வரட்டும், அடுத்த கூட்டத்துல சொல்லச் சொல்லுங்க."

டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எனக்கு டீ கொடுத்த ஆயா, ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். சில மாதம் கழித்து சுகாதார நிலையத்தின் முன்னால் 'பஸ் நிற்கும் இடம்' என்று ஒரு பலகை நட்டார்கள். எல்லா வண்டியும் அங்கே நிற்கிறது. ராஜேந்திரன் அண்ணன் நிறுத்தும்போதெல்லாம், "கலியா, ஒன் ஸ்டாப்புடா இது" என்று என்னைப் பார்த்துக் கத்துவார். சிரிக்காமல் என்ன செய்வது.

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்தும் பேச்சைப் போலவே போயிருந்தது. பேச்சைவிடக் கொஞ்சம் சீக்கிரம் திரும்பியது. எழுதும்போது யாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஒரு சின்னப் பத்திக்கு ஒரு நாள் ஆகிவிடும். தப்பை வளர்மதி திருத்துவாள். வலது கை மடியில் கிடக்கிறது. குளிர்ந்தால் அதை இடது கையால் தேய்த்துவிடுவேன், வேறு யாருடைய கையையோ பிடித்திருப்பது போல இருக்கும்.

காலமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் என் நேரத்தை டிரிப் நேரம் தள்ளிக்கொண்டு போகும். இப்போது காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் சாயங்காலம் வருகிறது. பதில் நிச்சயமாக வரும், சரியாகவும் இருக்கும், கேட்டவர்தான் போயிருப்பார். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள்.

கூட்டம் முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். கொல்லையில் வளர்மதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றையும் நினைக்காமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தஞ்சாவூர்" என்றேன்.

காரைக்காலில் கிளம்பவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. முழுசாக வந்து விழுந்தது.

அவள் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். சாம்பல் கையோடு என் முன்னால் வந்து குந்தினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். "காரைக்கால்" என்றது வாய்.

"இல்லீங்க, அது இல்ல. இப்பச் சொன்னீங்கள்ல, அது."

"நிரவி" என்றேன். "திருமலைராயன்பட்டினம்."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தாள்.